தந்தைவழி என்னும் ஒற்றை இழை

இந்தியாவில் பிரித்தானிய அரசியின் பிரதிநிதிகளாக எல்ஜின் பிரபு என்னும் பட்டந் தாங்கிய இருவர் ஆட்சி செய்தனர். முதலாமவர் 1862ஆம் ஆண்டிற் பதவியேற்று, மறு ஆண்டிலேயே தரம்சாலா என்னும் மலைநகரிற் காலமானார். இரண்டாமவர் அவருடைய மகன். 1894 முதல் 1899 வரை அதே பதவியை வகித்தவர். இவ்விருவரும் புரூஸ் என்னும் குடும்பப் பெயரை உடையவர்கள். 1314ஆம் ஆண்டு பானொக்பேண் போர்க்களத்தில் ஆங்கிலப் பெரும்படையை முறியடித்து ஸ்கொத்லாந்தின் தன்னாட்சியைக் காத்த ரொபேட் மன்னனின் குடிப்பெயரும் இதுவேயாகும்.

இக்குடும்பத்தின் மூலபுருடர் யார்? அவர் நோர்மண்டியிலிருந்து வந்த ஒரு வீரர் என்பது ஒரு விடை. அவருக்கும் முன்னே சென்றால் வைக்கிங்கு எனப்படும் வடகடல் வீரர் குலத்து அரசர்களைக் காணலாம் என்பது மற்றொரு விடை. முதல் விடை ஆராய்ச்சிக்கு நின்று பிடிக்கிறது. இரண்டாவது விடை நிற்கவில்லை. ஏன் அவ்வாறாயிற்று என்பதை விளங்கிக்கொண்டால், தந்தைவழி மரபைத் தேடுவோர் எவரும் எங்கே நடக்கலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதையும் விளங்கிக்கொள்ளலாம்.

மரபைத் தேடுவோர் கைக்கொள்ள வேண்டிய முதல் விதி ஒன்றுண்டு. அறிந்த இடத்திலிருந்து அறியாத இடத்துக்கு ஏற வேண்டும். புகழ்பெற்ற ஒரு முன்னோரை முதலிலே தெரிந்தெடுத்துக்கொண்டு, அவரிலிருந்து தம் வீட்டு வாசல் வரைக்கும் இறங்கி வருதல் ஆகாது. இங்கிலாந்தில் இவ்வேணியின் படிகள் பெரும்பாலும் தெளிவானவை. 1837ஆம் ஆண்டு முதல் அரசாங்கப் பிறப்பிறப்புப் பதிவு உண்டு. 1538ஆம் ஆண்டு முதல் கோயிற்பற்றுத் தோறும் ஞானநீராட்டு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதும் பதிவேடுகள் தொடங்கின. அதற்கு முன்னே காணி உறுதிகள், மரண சாசனங்கள், வழக்கு மன்றப் பத்திரங்கள், அரச வரிச் சுருள்கள் என்பவை உள்ளன. அவற்றுக்கும் முன்னே 1086ஆம் ஆண்டில், வெற்றிவேந்தன் வில்லியம் நாடு முழுவதையும் அளந்தும் கேட்டும் எழுதுவித்த டூம்ஸ்டே என்னும் பெருநூல் நிற்கிறது. ஒல்லாந்தர் நம் நாட்டில் எழுதுவித்த தோம்பை அறிந்தவர்களுக்கு அதன் இயல்பை விளக்க வேண்டியதில்லை: இன்ன காணி, இன்னார் கையில், இன்ன வருவாய் என்பதே அதன் பொருள். ஆனால் ஏணியின் மேற்படிகளிற் காணியுடையவர்களையே பெரும்பாலும் காணலாம். பிறர் காணியை உழுதவனின் தந்தை யாரென்று எழுதி வைக்க எவரும் கருதவில்லை.

புரூஸ் குடும்பத்தாரை இந்த ஏணியில் ஏற்றிப் பார்ப்போம். எல்ஜின் பிரபுக்கள் கிளக்மனன் என்னும் ஊரிலிருந்த புரூஸ் குடும்பத்தின் ஒரு கிளையினர். 1359ஆம் ஆண்டில் அக்கிளக்மனன் காணியை ரொபேட் புரூஸ் என்பவருக்கு அளித்தவர், வெற்றி வீரராகிய ரொபேட் மன்னரின் மகன் இரண்டாம் டேவிட் மன்னர். அந்தச் சாசனத்தில் மன்னர் அவரைத் தம் அன்புக்குரிய உறவினர் என்று குறிப்பிடுகிறார். எவ்வகை உறவினர்? தந்தையின் உடன்பிறந்தார் வழியா, முறைப்படி மணவாத ஒருத்தியின் வழியா, அன்றி அதற்கும் முன் பிரிந்த கிளையா? சாசனம் சொல்லவில்லை. டேவிட் மன்னர் 1371ஆம் ஆண்டில் மகப்பேறின்றி மறைந்தார். மன்னரின் நேரான ஆண்வழி அவரோடு முடிந்தது. ஆகவே எல்ஜின் குடும்பம் மன்னர் குடியோடு உறவுடையது என்பதற்குச் சான்றுண்டு. எப்படி உறவுடையது என்பதற்குச் சான்றில்லை. முதற் படியிலேயே ஒரு பலகை தளர்ந்திருக்கிறது.

மன்னரிலிருந்து மேலே செல்லும் வழியோ உறுதியானது. மன்னர் ரொபேட்டையும் சேர்த்து ஏழு தலைமுறையினரை வரிசையாகக் காட்டலாம். அவர்களுள் ஒருவர் வில்லியம். ஏனைய அறுவருக்கும் ரொபேட் என்பதே பெயர். இந்த ஒரே பெயர் பிற்காலத்து மரபு வரைந்தோரைப் பெரிதும் மயக்கிற்று. ஏழாம் படியில் நிற்கும் முதலாவது ரொபேட், நோர்மண்டியின் கொத்தாந்தன் தீபகற்பத்தில், செர்பூர் துறைமுகத்துக்குத் தெற்கேயுள்ள பிறீ என்னும் ஊரைச் சேர்ந்தவர். அவ்வூர்ப் பெயரே டி புரூஸ் ஆகி, பின்பு புரூஸ் ஆயிற்று. அவர் வெற்றிவேந்தனின் இளைய மகனாகிய முதலாம் ஹென்றியின் ஆதரவில், ஏறத்தாழ 1106ஆம் ஆண்டில், இங்கிலாந்திலே தலையெடுத்தார். யோக்ஷயரிற் பெருங்காணிகளைப் பெற்றார். 1124ஆம் ஆண்டளவில் ஸ்கொத்லாந்து மன்னர் முதலாம் டேவிட்டிடமிருந்து அனண்டேல் பள்ளத்தாக்கையும் பெற்றார்.

இரு வேந்தரிடம் காணி பெற்றவனுக்கு ஒருநாள் சோதனை வந்தே தீரும். 1138ஆம் ஆண்டில் இரு நாட்டுக்கும் போர் மூண்டது. முதியவராகிய ரொபேட் டேவிட் மன்னரிடம் தாம் கொண்டிருந்த கடப்பாட்டைத் துறந்து ஆங்கிலப் பக்கம் நின்றார். அனண்டேலை ஏற்ற இளைய மகனோ ஸ்கொத்லாந்தின் பக்கம் நின்றான். ஒரே குருதி, ஒரே பெயர். ஆனால் இரு கொடிகள்.

இந்த முதலாம் ரொபேட்டோடு உறுதியான சான்று முடிகிறது. ஆயினும் குடும்பப் பெருமை முடியவில்லை. 1066ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் வில்லியத்தோடு நின்றவராகவும் ஒரு ரொபேட் டி புரூஸ் வேண்டும் என்று பிற்காலத்தவர் விரும்பினர். அதற்குத் துணையாக பட்டில் மடத்துப் பட்டியல் என்ற ஒன்றைக் காட்டினர். போர் நடந்த இடத்தில் எழுந்த மடத்திலே, வில்லியத்தின் தோழர்களின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் எழுதப்பட்டிருந்தன என்பது செய்தி. மூலப் பட்டியல் இன்று இல்லை. கிடைப்பவை 16ஆம் நூற்றாண்டுப் படிகளே. அவை ஒன்றோடொன்று ஒவ்வாதவை. ஹேஸ்டிங்ஸில் நின்றார் என்று அக்காலத்துச் சான்று கொண்டு பெயர் சொல்லக்கூடியவர்கள் ஏறத்தாழ இருபது பேருக்குள்ளேயே அடங்குவர். அவர்களுள் புரூஸ் இல்லை. டூம்ஸ்டே நூலில் புரூஸ் காணிகள் காணப்படுகின்றனவே என்பர் சிலர். அந்தப் பகுதி 12ஆம் நூற்றாண்டிற் சேர்க்கப்பட்டது என்பது அறிஞர் கண்ட முடிவு.

இனி, வைக்கிங்குக் கதைக்கு வருவோம். ஸ்கொத்லாந்துக்கு வடக்கே ஓர்க்னித் தீவுகள் உள்ளன. அங்கே நோர்வேக் குலத்துச் சிற்றரசர்கள் ஆண்டனர். 1014ஆம் ஆண்டில் அயர்லாந்தின் குளொன்டாவ் போரில் மாண்ட சிகுர்ட் என்பவருக்கு புருசி என்றொரு மகன் இருந்தான். புருசி, புரூஸ்: ஓசை ஒத்திருக்கிறது. இது போதாதா? புருசியின் வழித்தோன்றல் ஒருவன் நோர்மண்டிக்குச் சென்று கோட்டை கட்டினான், ஊருக்கு அவன் பெயர் வந்தது, அதுவே புரூஸ் ஆயிற்று என்று ஒரு மரபுவரிசை புனையப்பட்டது. ஒரு பெயரின் ஒலியை மட்டும் பாலமாகக் கொண்டு, கடலையும் காலத்தையும் கடந்து விட்டார்கள். அந்தப் பாலத்தைத் தாங்குவதற்கு அக்காலத்து ஆவணம் என்னும் தூண் ஒன்றேனும் இல்லை.

இந்தப் புனைவு ஏன் இனித்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஓர்க்னிச் சிற்றரசர்களின் மூதாதை, நோர்வேயின் மோரே நாட்டுத் தலைவன் ராக்ன்வால்டின் மகன் என்று ஐஸ்லாந்துக் கதைகள் கூறும். அதே ராக்ன்வால்டின் இன்னொரு மகனாகிய ஹ்ரோல்ப் என்பவனே நோர்மண்டியை நிறுவிய ரொல்லோ என்றும் அவை கூறும். எந்தக் குதிரையும் தாங்காத பேருடலன் ஆகையால் நடந்தே சென்றான் என்றும், ஆதலின் நடைக்கார ஹ்ரோல்ப் எனப் பெயர் பெற்றான் என்றும் சொல்வர். இதனை ஒப்புக்கொண்டால் புரூஸ் குடும்பம் வெற்றிவேந்தன் வில்லியத்துக்கே பங்காளிகளாகி விடும்.

ஆனால் அந்த ரொல்லோவின் தந்தை யார் என்பதே தீராத வழக்கு. மேற்குப் பிராங்கிய மன்னர் சாள்ஸ் 911ஆம் ஆண்டில் செயின் ஆற்று வாயிலை ரொல்லோவுக்கு விட்டுக்கொடுத்தார் என்பர். அந்த உடன்படிக்கை ஏடாக நமக்குக் கிட்டவில்லை. 918ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று அக்கொடையைப் பின்னோக்கிக் குறிப்பிடுகிறது. ரொல்லோவின் பேரனுடைய வேண்டுகோளுக்கிணங்க வரலாறு எழுதத் தொடங்கிய டூடோ என்னும் குருவானவர் அவரை டென்மார்க்கு நாட்டவர் என்று காட்டுகிறார். ஐஸ்லாந்துக் கதைகளோ இரு நூற்றாண்டு கழித்து அவரை நோர்வே நாட்டவர் ஆக்குகின்றன. 1911ஆம் ஆண்டில் நோர்மண்டியின் ஆயிரமாம் ஆண்டு விழாவையொட்டி, ரூவான் நகர் நோர்வேயின் ஓலசுண்ட் நகருக்கு ரொல்லோவின் சிலையொன்றை அன்பளிப்பாக அனுப்பியது. சிலை நிற்கிறது, வழக்கும் நிற்கிறது.

பெயர்கள் நமக்கு உதவாவா? உதவும், ஓரளவுக்கு. நோர்மண்டியின் வரைபடத்திலே வடமொழியாளரின், அதாவது ஸ்கந்திநேவியரின், சொற்கள் இன்றும் கிடக்கின்றன. ஊர்ப்பெயரின் ஈற்றில் வரும் தொ என்பது மனைக்காணி; பெக் என்பது ஓடை; தியெப் என்னும் துறைமுகப் பெயர் ஆழம் என்று பொருள்படும். ஆஸ்கெட்டில் என்னும் வடநாட்டு ஆட்பெயர் அங்கெத்தில் என்று திரிந்து பிரெஞ்சுக் குடும்பப் பெயராயிற்று. 1755ஆம் ஆண்டு புதுச்சேரியில் வந்திறங்கி, பின்னர் பாரசீக அவெஸ்தாவையும் உபநிடதங்களையும் ஐரோப்பியருக்கு அறிமுகஞ் செய்த அங்கெத்தில் துப்பெரோன் என்னும் அறிஞரின் பெயரில் அந்தப் பழைய வைக்கிங்குப் பெயர் ஒளிந்திருந்தது. எனினும், பெயர் குருதியன்று. ஆளும் கூட்டத்தாரின் பெயரை ஆளப்படுவோர் தம் பிள்ளைகளுக்கு இடுவது உலக வழக்கம். 1066க்குப் பின் சில தலைமுறைகளுள் ஆங்கிலேயக் குடியானவர் வீடுகளிலும் வில்லியம், ரொபேட், ரிச்சர்ட் என்னும் பெயர்களே ஒலித்தன.

இனி, குருதியையே கேட்போம் என்று நம் காலத்து விஞ்ஞானம் முன்வருகிறது. ஆணுடலின் உயிரணுக்களில் வை நிறமூர்த்தம் என்ற ஒன்றுண்டு. அது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. படியெடுக்கும்போது எப்போதாவது ஒரு சிறு பிழை நேரும். அப்பிழை அடுத்த மகனுக்கும் அவன் மகனுக்கும் தொடரும். ஏட்டுச் சுவடிகளை ஒப்பு நோக்கி, ஒரே பிழையுள்ள படிகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று நம் பதிப்பாசிரியர்கள் துணிவதுபோல, இந்நிறமூர்த்தப் பிழைகளைக் கொண்டு தந்தைவழிகளை இனம் பிரிக்கலாம்.

இதனால் விளைந்த நன்மை மெய்யானது. மேற்குத் தீவுகளின் மக்டொனால்ட் குடியினர் 1164ஆம் ஆண்டில் இறந்த சோமர்லெட் என்பவனைத் தம் மூலபுருடனாகக் கொள்வர். பழைய மரபுவரிசைகள் அவனை அயர்லாந்தின் அரசர் குலத்தில் வைத்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒக்ஸ்போட் ஆய்வாளர் பிறையன் சைக்ஸ் அக்குடித்தலைவர்களின் நிறமூர்த்தத்தை ஆராய்ந்தபோது, அது நோர்வேயிற் பரவலாகக் காணப்படும் வகையாக இருந்தது. அயர்லாந்தென்று எழுதிய ஏடு ஒருபுறம். வடகடல் என்று சொல்லும் குருதி மறுபுறம். சோமர்லெட் என்ற பெயரே கோடைக்காலப் பயணி என்று பொருள்படும் வடநாட்டுச் சொல்தான்.

ஆனால் குருதியின் சாட்சியம் சில வேளைகளில் நாம் விரும்பாததையும் சொல்லி விடும். 2012ஆம் ஆண்டில் லெஸ்டர் நகரில், வாகனம் நிறுத்தும் இடமொன்றின் கீழே, மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டது. அவரது தமக்கையின் பெண்வழியில் வந்த இருவரோடு தாய்வழிச் சான்று பொருந்தியது. ஆண்வழியில் உறவினர் என்று ஏடுகள் காட்டிய ஐவரோடு, 2014ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, அவரது நிறமூர்த்தம் பொருந்தவில்லை. அந்த ஐவருள்ளேயே ஒருவர் மற்ற நால்வரோடு பொருந்தவில்லை. எங்கோ, என்றோ, ஏடு தந்தை என்று எழுதியவர் தந்தையாக இருக்கவில்லை. இத்தகைய முறிவு தலைமுறைக்கு நூற்றில் ஒன்று என்று மிகக் குறைவாகக் கணக்கிட்டாலும், 1066 முதல் இன்று வரையுள்ள ஏறத்தாழ 30 தலைமுறைகளில் ஓரிழை முறியாமல் வந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 74 மட்டுமே. நான்கு குடும்பங்களில் ஒன்று தவறான பாட்டனை வணங்கிக்கொண்டிருக்கும்.

ரொல்லோவின் வழக்கையும் விஞ்ஞானத்தின் முன் கொண்டு சென்றார்கள். நோர்மண்டியின் பேக்காம் மடத்தில் ரொல்லோவின் பேரன் ரிச்சர்ட்டும், அவர் மகன் இரண்டாம் ரிச்சர்ட்டும் அடக்கஞ் செய்யப்பட்டவர்கள். அவர்களுடையவை என்று பேணப்பட்ட எலும்புகளை 2016ஆம் ஆண்டில் நோர்வே ஆய்வாளர்கள் திறந்து சோதித்தனர். ரொல்லோ டென்மார்க்கா நோர்வேயா என்ற வினா அன்றோடு தீரும் என்று பலரும் எதிர்பார்த்தனர். எலும்புகளோ ரொல்லோ பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்ட இருவருடையவை. அவர்களுள் ஒருவர் கிறித்து பிறப்பதற்கும் முந்தியவர். பெட்டி திறந்தது, விடை திறக்கவில்லை.

இன்னும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலேயர் ஒருவரிடம் ஸ்கந்திநேவிய வகை நிறமூர்த்தம் காணப்பட்டால், அது நோர்மண்டி வழியாகத்தான் வந்தது என்று சொல்ல இயலாது. 865ஆம் ஆண்டு முதல் வந்து, பின்னர் கிழக்கு இங்கிலாந்திற் குடியேறிய டேனியரோடு நேராக வந்திருக்கலாம். அதற்கும் முன்னே, ஐந்தாம் நூற்றாண்டில் வந்த சாக்சனியரோடும் வந்திருக்கலாம். வில்லியத்தின் படையிலோ பிறெத்தன் நாட்டாரும் பிளெமிஷ் நாட்டாரும் பிற பிரெஞ்சுக்காரரும் கலந்திருந்தனர். ஆகவே ஹேஸ்டிங்ஸில் நின்றவன் எல்லாம் நோர்மன் அல்லன். நோர்மன் எல்லாம் வைக்கிங்கின் மகனும் அல்லன்.

வைக்கிங்கு என்பதுதான் என்ன? 2020ஆம் ஆண்டில், 442 பண்டைய உடல்களின் டீஎன்ஏயை ஆராய்ந்த பேராய்வொன்று வெளிவந்தது. ஓர்க்னியில் வைக்கிங்கு முறைப்படி, வாளோடு புதைக்கப்பட்டிருந்த இருவர், குருதியால் ஸ்கொத்லாந்து, அயர்லாந்து மக்களையே ஒத்திருந்தனர். அவர்கள் வைக்கிங்காகப் பிறக்கவில்லை. வைக்கிங்காக வாழ்ந்தனர், வைக்கிங்காகப் புதைக்கப்பட்டனர். இதன் மறுதலையை நோர்மண்டியிற் காண்கிறோம். ரொல்லோவின் கூட்டத்தார் உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். ரொல்லோவின் மகன் வில்லியம், தன் மகனுக்கு டேனிய மொழி கற்பிக்க அவனை பாயோ நகருக்கு அனுப்ப வேண்டியிருந்தது, ஏனெனில் தலைநகராகிய ரூவானில் அம்மொழி வழக்கொழிந்து கொண்டிருந்தது என்கிறார் டூடோ. பாட்டனின் மொழி பேரன் காலத்தில் தேடிக் கற்கும் பொருளாயிற்று. தந்தை நிறமூர்த்தத்தைத் தந்தார். தாலாட்டைத் தந்தவள் தாய்.

நேயர்களே, ஒரு சிறு கணக்கோடு முடிக்க விரும்புகிறேன். ஒருவருக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டிமார் நால்வர். பூட்டன் பூட்டிமார் எண்மர். இவ்வாறே 30 தலைமுறை ஏறினால், முன்னோர்க்குரிய இடங்கள் 100 கோடியைத் தாண்டும். அன்றைய இங்கிலாந்தின் மக்கள் தொகையோ 20 இலட்சம் அளவே. எனவே ஒரே முன்னோர் பல இடங்களிற் பலமுறை வந்து அமர்கின்றனர் என்பது தெளிவு. இன்று இங்கிலாந்தில் வாழும் எளிய தொழிலாளியின் குருதியிலும் எங்கோ ஒரு நோர்மன் வீரனும் ஒரு வைக்கிங்குப் படகோட்டியும் இருத்தல் பெரும்பாலும் உறுதி. நாம் ஏடும் எலும்பும் கொண்டு தேடியது, அந்த 100 கோடி இடங்களுள் ஒரேயொரு இடத்தை மட்டுமே. தந்தையின் தந்தையின் தந்தை என்று செல்லும் அந்த ஒற்றை இழைக்கு நாம் பெயரைக் கட்டி வைத்திருக்கிறோம். ஆகையால் அதுவே முழு ஆடை என்று மயங்குகிறோம்.

மீண்டும் ரொபேட் புரூஸ் மன்னரிடம் வருவோம். பிறீ என்னும் நோர்மண்டி ஊரிலிருந்து வந்த தந்தைவழி அவருக்குப் பெயரைத் தந்தது, காணியையும் தந்தது. ஆனால் ஸ்கொத்லாந்தின் முடிக்கு அவர் உரிமை கோரியது எதனால்? அவருடைய பூட்டியார் இசபெல்லா, ஸ்கொத்லாந்து அரசர் குலத்தில் வந்த ஹன்டிங்டன் பிரபு டேவிட்டின் மகள் என்பதால். அவருடைய தாய் மார்ஜரி, கரிக் நாட்டின் கேலிக்குக் குடியிற் பிறந்த உரிமைச் சீமாட்டி. அவருக்குப் பின் அவர் மகன் டேவிட் பிள்ளையின்றி மறைந்தபோது, முடி சென்றதும் அவர் மகள் வயிற்றுப் பேரனுக்கே. ஆண்வழி ஏட்டில் ஓரத்திற் கூட இடம்பெறாத பெண்கள் மூவரே ஓர் அரசைக் கொணர்ந்தும் கொண்டு சென்றும் கொடுத்தார்கள். புருசியும் ரொல்லோவும் அந்தப் பணியில் ஒரு கையும் கொடுக்கவில்லை.

எனவே மரபைத் தேட வேண்டாம் என்பதன்று என் கருத்து. தேடுக. ஏட்டைப் பார்க்க, பெயரைப் பார்க்க, வேண்டுமாயின் குருதியையும் பார்க்க. மூன்றும் மூன்று சாட்சிகள். ஒன்றன் சொல்லை மற்றொன்றின் வாயில் வைக்காதீர்கள். சான்று முடியும் படியில் நின்று, இதற்கு மேல் தெரியாது என்று எழுதிக் கையொப்பமிடும் துணிவு வேண்டும். கடல் கடந்து ஒரு கற்பனைப் பாட்டனைத் தேடிப் பிடிப்பதிலும், பிறீ ஊரிலிருந்து வந்த ரொபேட் என்ற மெய்யான ஒரு மனிதரோடு நிறுத்திக்கொள்வதே அக்குடும்பத்துக்குச் செய்யும் மரியாதையாகும். ஏணியை நிறுத்திய பின், ஒரு முறையேனும் தந்தையின் தாய் யார், அவள் தாய் யார் என்றும் கேட்டுப் பாருங்கள். அங்கே ஏடு மெலிந்திருக்கும். ஆனால் மனிதர் குறைந்திருக்க மாட்டார்கள்.